அவளுக்கு முதலில் வந்த பென்ஷன்

மனு இரண்டையும் எழுதியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு வீடு தள்ளியிருந்த அவளுக்கு எழுதத் தெரியாது, கைநாட்டு. நான் எட்டாவது வரை படித்தவள். எங்கள் தெருவில் பட்டா மாற்ற வேண்டுமா, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க வேண்டுமா, பம்பாயில் இருக்கும் புருஷனுக்கு நாலு வரி எழுத வேண்டுமா, எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். அப்படிப்பட்ட நான் ஒரே நாளில், ஒரே பேனாவால், எனக்கு ஒன்றும் அவளுக்கு ஒன்றுமாக ஊனமுற்றோர் பென்ஷனுக்கு இரண்டு மனு எழுதினேன். அவளுக்கு ஐந்தாவது மாதம் மணியார்டர் வந்தது. எனக்கு வரவில்லை. என் கையால் எழுதியது அவளுக்குப் பலித்து எனக்குப் பலிக்காமல் போனதை நினைத்தால், இந்த வயசிலும் வயிறு எரிகிறது. ஒளிப்பானேன்.

அது எழுபத்தெட்டாக இருக்கும், அல்லது அதற்கடுத்த வருஷம். சங்கரன்கோவிலில் கோயிலுக்குப் பின்னால் உள்ள தெரு ஒன்றில் ஒற்றை அறை வீட்டில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்தோம். எனக்கு மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து வலது கால் சூம்பிப் போனது. கையைத் தொடையில் ஊன்றி ஊன்றி நடப்பேன். அவள் எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு. அவளுக்கு இரண்டு காலுமே கிடையாது என்றுதான் சொல்ல வேண்டும். தேய்ந்த ரப்பர் செருப்பை இரண்டு கைகளிலும் மாட்டிக்கொண்டு தவழ்ந்து வருவாள். அவளுக்கும் அம்மா மட்டும்தான் துணை. சன்னதித் தெருப் பூக்கடைக்கு வீட்டிலிருந்தே பூக்கட்டிக் கொடுத்துவந்தாள். இரண்டு பேருக்கும் நாற்பத்தைந்து தாண்டியிருந்தது. கல்யாணம் என்ற பேச்சை எங்கள் வீடுகளில் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

எனக்கு அந்தப் பென்ஷன் எதற்கு என்று சொல்ல வேண்டும். அம்மா நாலு வீட்டில் ஆட்டுரலில் மாவாட்டிக் கொடுத்து வீட்டு வாடகை கட்டி வந்தாள். வயது எழுபதை நெருங்கிவிட்டது, மணிக்கட்டு வீங்க ஆரம்பித்திருந்தது. அவளால் முடியாமல் போனால் பனவடலிசத்திரத்தில் இருக்கும் என் மாமா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மாமா நல்லவர், ஆனால் வீட்டில் அவர் பேச்சு எடுபடாது. அத்தை ஒரு தடவை என் காதுபடவே, மாட்டுத்தொழுவில் ஒரு பக்கம் கிடந்துவிட்டுப் போகட்டும், கன்றுக்குட்டிக்குக் காவலாச்சு என்றாள். ஊரில் என்னைத் தேடி நாலு பேர் மனு எழுத வருகிறார்கள். நான் போய்க் கன்றுக்குட்டிக்குக் காவல் இருக்கவா? மாதம் ஒரு மணியார்டர் வந்தால் வாடகைக்கு ஆகும், இந்த ஊரிலேயே இருந்துகொள்ளலாம். வராவிட்டால் தொழுவம். எனக்கு விஷயம் இவ்வளவுதான்.

டாக்டர் சர்டிபிகேட்டுக்காக இரண்டு பேரும் எங்கள் அம்மாமாரோடு பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பொறாமை அங்கேயே ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸில் அவளைத் தூக்கி ஏற்ற கண்டக்டரே இறங்கி வந்தார். என்னைப் பார்த்து, கொஞ்சம் சீக்கிரம் ஏறும்மா என்றார். ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்ததும் வரிசையை விலக்கி உள்ளே விட்டார்கள். என் காலை அந்த டாக்டர் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு எழுதினார். வெளியே வந்து இரண்டு சர்டிபிகேட்டையும் படித்தேன். அவளுக்கு என்னைவிட அதிகமாக ஊனம் போட்டிருந்தது. அதிகமாகத்தானே இருக்கிறது, அதிகமாகத்தானே போடுவார்கள். இருந்தாலும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எவ்வளவு போட்டிருக்கு என்று அவள் கேட்டாள். ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் என்றேன்.

அப்புறம் தாலுகா ஆபீஸிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., விசாரணைக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. இங்கேதான் என் அம்மா ஒரு காரியம் செய்தாள். ஆர்.ஐ. எதற்கு வருகிறார்? இந்த வீட்டில் ஒன்றும் இல்லை, இவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டு போகத்தான் வருகிறார். அது அம்மாவுக்கும் தெரியும். ஆனால் ஒரு அதிகாரி வீட்டுக்கு வருகிறார் என்றால் அவள் கை சும்மா இருக்குமா? முதல் நாளே சுண்ணாம்பு வாங்கி வந்து முன்சுவருக்கு அடித்தாள். ரேஷன் கடைக்காரர் வீட்டில் மடக்கு நாற்காலி ஒன்றும், பக்கத்து வீட்டில் எவர்சில்வர் டம்ளர் ஒன்றும் இரவல் வாங்கினாள். கடையில் கலர் சோடா ஒரு பாட்டில் வாங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைத்தாள். இதெல்லாம் போதாது என்று எதிர்வீட்டு மதினியிடம் ஒரு ஜோடித் தங்கத்தோடு வாங்கி வந்து என் காதில் போட்டுவிட்டாள். காது மூளியா இருந்தா வாரவுக என்ன நெனப்பாக என்றாள்.

ஆர்.ஐ. வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், கலர் குடித்தார். பாவம், மரியாதையான மனுஷர்தான். சுவரைப் பார்த்தார், என் காதைப் பார்த்தார். வாசலில் தெருப் பெண்கள் பாதிப் பேர் கூடி நின்றார்கள். உங்களுக்கு ஆண் பிள்ளை உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள் அம்மா. கவனிக்கிறானா என்று கேட்டார். என் அண்ணன் கோயம்புத்தூர் மில்லுக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. அங்கேயே கல்யாணம் பண்ணிக்கொண்டான். அதற்கப்புறம் ஒரு கார்டுகூடப் போட்டதில்லை. ஆனால் தெருவே நிற்கும்போது பெற்ற பிள்ளையைப் பற்றி ஒரு தாய் என்ன சொல்வாள்?

“எம் மவன் தங்கம்யா. தங்கச்சியத் தாங்கு தாங்குன்னு தாங்குதான்,” என்றாள்.

நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். இல்லை ஐயா, அவன் எங்களை ஏறிட்டும் பார்ப்பதில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காதில் தோடு, வாசலில் அத்தனை பொம்பளைகள், தாங்குகிற ஒரு அண்ணன். கொஞ்ச நேரம் எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. ஆர்.ஐ. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

அப்படியே அவள் வீட்டுக்கும் போனார். அங்கே நாற்காலி கிடையாது, நின்றுகொண்டேதான் எழுதினார். அவளுக்கும் ஒரு அண்ணன் உண்டு. இளையரசனேந்தலில் பெண் எடுத்து அங்கேயே மானாவாரி நிலத்தில் பாடுபடுகிறவன். அவனும் சல்லிக் காசு தருவதில்லை. ஆனால் அவள் அம்மாவுக்கு என் அம்மாவைப் போல மானம் மரியாதை என்று எதுவும் குறுக்கே வரவில்லை. எங்களுக்கு நாதி கெடையாதுய்யா என்று ஒரே பாட்டமாக அழுதுவிட்டாள். மகளும் வாழைநார் ஒட்டிய கையோடு உள்ளேயிருந்து தவழ்ந்து வந்தாள். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

அவளுக்கு முதல் மணியார்டர் வந்த அன்று தெருவே அவள் வீட்டில் நின்றது. தபால்காரர் அவள் கட்டை விரலைப் பிடித்து மையில் தோய்த்து உருட்டினார். நானும் போயிருந்தேன். போகாவிட்டால் பொறாமை என்பார்கள். போய்ச் சிரித்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் அவள் கால் கிலோ மிக்சர் பொட்டலத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு தவழ்ந்து வந்து என் மடியில் போட்டாள். நீ எழுதின ராசிதான்ட்டி, ஒனக்கும் வந்துரும் பாரு என்றாள். அந்த மிக்சரைத் தின்றேன். தண்ணீர் குடித்து இறக்கினேன்.

எனக்கு எட்டாவது மாதம் ஒரு காகிதம் வந்தது. மனுதாரரை ஆதரிக்க ஆண் சகோதரர் உள்ளதால் கோரிக்கை ஏற்பதற்கில்லை. அதை நான் படித்துக் காட்டியதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவளைப் பேசாத பேச்சு இல்லை. சுண்ணாம்பு அடிச்சியே, தோடு போட்டியே, இப்ப ஒம் மவன் வந்து தாங்கட்டும் என்று மூன்று நாள் கத்தினேன். மறுபடி ஒரு மனு எழுதினேன். மறுபடி ஆர்.ஐ. வந்தார், வேறு ஆள். இந்த முறை சுவர் கறுத்திருந்தது, காது மூளி. அம்மா அதே தெருப் பெண்கள் முன்னால், தரையைப் பார்த்துக்கொண்டு, எம் மவன் எங்களைக் கவனிக்கல என்று சொன்னாள். அதைச் சொன்ன பிறகு அவள் நாலு நாள் தெருவில் தலை காட்டவில்லை.

அந்த விசாரணை நல்லபடியாக முடிந்தது. ஆனால் பென்ஷன் வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் என்று பார்த்து, ஆறு மாதம், பிறகு ஒரு வருஷம் ஆனது. அம்மா வாரத்துக்கு ஒரு தரம் ஆபீஸுக்கு நடந்தாள். ஃபைல் மேலே போயிருக்கிறது என்பார்கள். இன்னொரு நாள் ஃபைல் கீழே வந்திருக்கிறது என்பார்கள். கடைசியில் ஒரு வயசான கிளார்க் மனசு இரங்கி உண்மையைச் சொன்னார். எல்லாம் சரியாகிவிட்டது, வரிசையில் அடுத்த பேர் உங்கள் மகள்தான். ஆனால் இந்தத் தாலுகாவுக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. யாராவது செத்துப்போனாலோ யாருக்காவது நிறுத்தினாலோ அந்த இடம் காலியாகும், அப்போதுதான் கொடுக்க முடியும் என்றார்.

அதற்குப் பிறகு நான் எப்படி இருந்தேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. தெருவில் சங்குச் சத்தம் கேட்டால் யார் என்று விசாரிப்பேன். பென்ஷன் வாங்கினவுகளா என்று கேட்பேன். இல்லை என்றால் அந்தச் சாவே எனக்கு வீண் என்று தோன்றும். அம்மாவுக்கு மணிக்கட்டு வேலை செய்யவில்லை. நாலு வீடு இரண்டானது, ஒன்றானது. கடைசியில் அந்த ஒரு வீட்டுக்காரர்களும் கிரைண்டர் வாங்கிவிட்டார்கள். வாடகை பாக்கி என்று எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் கரண்டைப் பிடுங்கினார். மனு எழுதி வரும் காசில் ஒரு வேளை கஞ்சி. பனவடலிசத்திரத்திலிருந்து மாமா ஒரு தடவை வண்டி கட்டிக்கொண்டே வந்துவிட்டார், புறப்படுங்க என்று. தை கழியட்டும் என்று சொல்லி அனுப்பினேன். ஒவ்வொரு மாதமும் நாலு வீடு தள்ளித் தபால்காரர் சைக்கிளை நிறுத்துவார். என் வீட்டைத் தாண்டித்தான் போவார். மணிச் சத்தம் எங்கள் வாசலில் கேட்டு, நிற்காமல் போய், அங்கே நிற்கும். அந்தச் சத்தத்துக்கே எனக்கு உடம்பு பற்றிக்கொண்டு வரும்.

அவள் என்ன பெரிதாக வாழ்ந்துவிட்டாள்? கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றினாள், அம்மாவுக்குக் கண்ணாடி போட்டாள். அவ்வளவுதான். ஆனால் எனக்கு அந்த ஓடு கண்ணில் குத்தியது. அவள் அம்மா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொள்வது குத்தியது. இரண்டு பேரும் ஒரே நாளில் மனுப் போட்டோம், இரண்டு பேருக்கும் கவனிக்காத அண்ணன் உண்டு. அவளுக்கு மட்டும் எப்படி நாதியில்லை? அவள் அம்மா அழுததால்தானே?

அந்தத் தீபாவளிக்கு அவள் ஊதா நிறத்தில் பூப்போட்ட வாயில் துணிச் சீலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தாள். மடிப்புக் கலையாத புதுச் சீலை. தவழ்கிறவள் சீலை கட்டினால் என்ன ஆகும், அரைமணி நேரத்தில் கரையெல்லாம் புழுதி. அதைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டு என்னருகில் உட்கார்ந்தாள். நன்றாக இருக்கிறதே, ஏது என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டுக் காதருகே வந்தாள்.

“எங்க அண்ணன் எடுத்து அனுப்பினான்ட்டி. யார்கிட்டயும் சொல்லிராத, பென்ஷனுக்கு ஆபத்து,” என்றாள்.

எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. மாதம் பிறந்தால் மணியார்டர், தீபாவளிக்கு அண்ணன் சீலை. எனக்கு இரண்டும் இல்லை. பொறந்த வீட்டுச் சீலை என்பது எங்கள் பக்கத்தில் லேசான காரியமா? கல்யாணமான தங்கைக்கே எடுக்க மறந்துபோகிறார்கள். கல்யாணமாகாத, தவழ்கிற தங்கைக்கு எடுத்து அனுப்பியிருக்கிறான். என் அண்ணனுக்கு நான் உயிரோடு இருக்கிறேனா என்றே தெரியாது. பணத்தைவிட அந்தச் சீலைதான் என்னைத் தின்றது.

மறுநாள் அம்மா கடைக்குப் போன நேரத்தில் எழுதினேன். இடது கையால் எழுதினேன். நாலு வரிதான். இன்ன தெருவில் இன்ன கதவு எண்ணில் ஊனமுற்றோர் பென்ஷன் வாங்கும் பெண்ணுக்குச் சம்பாதிக்கும் அண்ணன் இருக்கிறார், இளையரசனேந்தலில் நிலம் வைத்திருக்கிறார், இந்தத் தீபாவளிக்குக்கூடச் சேலை எடுத்து அனுப்பியுள்ளார், தகுதியுள்ள ஏழைகள் காத்திருக்கும்போது இது நியாயமா என்று முடித்தேன். கீழே பெயர் கிடையாது. இந்த ஊரில் மொட்டைக் கடுதாசிக்குப் பஞ்சமில்லை. நானே பிறத்தியாருக்கு எழுதித் தர மறுத்திருக்கிறேன், பாவம் என்று. அன்றைக்கு அந்தப் பாவம் எங்கே போனது என்று தெரியவில்லை. தெருமுனைத் தபால் பெட்டிக்கு நானே கையை ஊன்றி ஊன்றி நடந்து போனேன். வழியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினேன். திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

மனு என்றால் வருஷக் கணக்கில் தூங்குகிற ஆபீஸ், மொட்டைக் கடுதாசிக்கு இருபதே நாளில் எழுந்துவிட்டது. ஆர்.ஐ. அவள் வீட்டுக்கு வந்து போனார். அடுத்த மாதம் சைக்கிள் அங்கே நிற்கவில்லை. அதற்கடுத்த மாதமும் நிற்கவில்லை. அப்புறம் நிறுத்திவிட்டதாகக் காகிதமே வந்தது. அதையும் நான்தான் படித்துக் காட்டினேன்.

அன்று அவள் அம்மா தெரு நடுவில் வந்து நின்று இரண்டு கையாலும் மண்ணை வாரித் தூற்றினாள். கண்ணாடி மூக்கில் இறங்கிக் கிடந்தது. எம் புள்ள வயித்துல அடிச்சவ வீட்டுல வெளக்கு எரியாது, அவ கையி அழுகணும் என்றாள். எல்லோரும் வாசலில் வந்து நின்றார்கள். நானும் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி என்னிடம், யாரு இப்பிடிப் பண்ணியிருப்பா என்றாள். யாரு பெத்ததோ, நல்லா இருப்பாளா என்று நான் சொன்னேன். என் வாய்தான் சொன்னது. அவள் தவழ்ந்து வந்து அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, வாம்மா உள்ள, பேசாம வா என்று கூட்டிப்போனாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

ஒரு மாதம் கழித்து அந்த வயசான கிளார்க் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார். ஒரு இடம் காலியாகிவிட்டது, உங்கள் மகளுக்கு ஆர்டர் போட்டாச்சு. அம்மா கோயிலுக்கு ஓடி அம்மன் சன்னதியில் விழுந்து கும்பிட்டு வந்து என் நெற்றியில் கோயில் பிரசாதமான புற்றுமண்ணைப் பூசினாள். என்ன இடம், யார் இடம் என்று அவள் கேட்கவில்லை. நான் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் மணியார்டர் வந்தபோது நான் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக் கோணிப்போனது. சந்தோஷத்தில் என்று தபால்காரர் நினைத்துக்கொண்டார். கொஞ்சம் சந்தோஷமும்தான்.

அவர்களால் பூக்கட்டுகிற கூலியை வைத்து வீட்டு வாடகை கொடுக்க முடியவில்லை. இளையரசனேந்தலுக்குப் புறப்பட்டார்கள். வேறு எங்கே போவார்கள்? புறப்படுகிறதற்கு முதல் நாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கைச் செருப்பு இரண்டையும் கழற்றி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எனக்கு மறுபடி ஒரு மனு எழுதணும் என்றாள். பென்ஷனைத் திரும்பத் தரச் சொல்லி. விலாசம் ஒன் வீட்டைப் போடு, அங்கன போட்டா அண்ணன் பிரிச்சிருவான் என்றாள். நான் காகிதம் எடுத்து எழுத ஆரம்பித்தேன். ஐயா, வணக்கம் என்று தொடங்கி, ஊனத்தின் விவரம், டாக்டர் சர்டிபிகேட், எல்லாம் எழுதினேன். ஆதரிப்பவர் என்ற இடம் வந்தது.

“அண்ணன் கவனிக்கான்னு எழுதிராத,” என்றாள். “போன தடவ எழுதினெல்லா, அப்பிடி.”

முதல் மனுவில் நான் அப்படி எழுதவில்லையே, யாருமில்லை என்றுதானே எழுதினேன் என்றேன்.

“நான் மனுவச் சொல்லல. கடுதாசியச் சொல்லுதேன்.”

பேனா நின்றுவிட்டது. அவள் குரல் உயரவே இல்லை. பூக்கட்டும்போது ஊர்க்கதை பேசுவாளே, அப்படியே பேசினாள். ஆர்.ஐ. அந்தக் கடுதாசியை அவள் வீட்டில் வைத்து முழுசாகப் படித்துக் காட்டினாராம். தீபாவளிச் சீலை என்று வந்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டதாம்.

“அத நான் ஒன்கிட்ட மட்டுந்தான்ட்டி சொன்னேன். எங்கம்மைட்டக் கூடச் சொல்லல. சொன்னா அவ என்னைய வெளக்கமாத்தால அடிப்பா. அண்ணன் எங்க எடுத்தான்? தவணைச் சீலைக்காரர்ட்ட நானே எடுத்தேன். ஒனக்குக் கொஞ்சம் வயிறு எரியட்டும்னு பெருமைக்குச் சொன்னேன்.”

எனக்கு அழுகை வரவில்லை. அவ்வளவு பெரிய பொய்யை ஆர்.ஐ.யிடம் உடைத்துச் சொல்லியிருக்கலாமே என்றேன். அந்த நேரத்திலும் குற்றத்தை அவள் பக்கம் தள்ளத்தான் பார்த்தேன்.

“சொன்னேன். எழுத்துல இருக்கேம்மான்னுட்டாரு. எழுத்துக்கு முன்னால எம் பேச்சு நிக்குமா?” என்றாள். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள். “ஒனக்கு மொதல்ல வந்து, எனக்கு எழுதவும் தெரிஞ்சிருந்தா நானும் போட்டிருப்பேன். சரி, எழுது. காலைல பஸ்ஸு.”

எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு திருத்தமாக ஒரு மனு எழுதியதில்லை. ஆதரிப்பவர் யாருமில்லை என்று எழுதினேன். அவள் விரலை நானே மையில் தோய்த்து வைத்தேன்.

என் அம்மாவிடம் சொல்லுவாளோ, தெருவில் சொல்லுவாளோ என்று அன்று முழுக்கப் பயந்தேன். அவள் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் அவள் அம்மா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். கைச் செருப்பு இரண்டும் ஒரு பையில் தொங்கின.

எங்கள் கோயிலில் அடுத்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அவள் தன் அண்ணன் வண்டியில் வந்திருந்தாள். அண்ணன் ஊரில் பூவும் இல்லை, பூக்கடையும் இல்லை. ஆட்டுக்குட்டிகளுக்குக் காவலாக வைத்திருக்கிறார்கள். மழை பெய்துவிட்டால் கரிசல் மண்ணில் கையை ஊன்ற முடியாது, மணிக்கட்டு வரை உள்ளே போய்விடும். அதனால் மழை மாதங்களில் ஆட்டுக் கொட்டிலை விட்டு வெளியே வருவதில்லை என்றாள். புகாராகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னாள். நான் பயந்த தொழுவத்துக்கு அவள் போய்விட்டாள் என்று எனக்குப் புரிந்தது. மனு என்ன ஆச்சு என்று கேட்டாள். இன்னும் வரவில்லை என்றேன். அது பொய். பதில் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மனுதாரரின் பெயர் வரிசையில் கடைசியாகச் சேர்க்கப்பட்டுள்ளது, காலியிடம் ஏற்படும்போது பரிசீலிக்கப்படும் என்று இருந்தது. அவள் இழந்த இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று அவள் கேட்டுவிடுவாளோ என்றுதான் மறைத்தேன். வரும், ஒனக்கு வந்துட்டுல்லா என்றாள். அவள் அப்படிச் சொன்னதைக் கேட்டும் எனக்குப் பொறாமைதான் வந்தது. எப்படி முடிகிறது இவளால்?

மூன்று ஆடித்தபசு வந்தாள். நாலாவதுக்கு அவள் அம்மா மட்டும் வந்தாள், கண்ணாடி இல்லாமல். மகளுக்குக் கை இரண்டும் புண்ணாகிச் சீழ் வைத்துவிட்டது, தவழ முடியாது, கிடந்த இடத்தில் கிடக்கிறாள் என்றாள். மனு என்ன ஆச்சு தாயி, எழுதினவ நீதானே, கொஞ்சம் கேட்டுச் சொல்லேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கேட்டேன். ஆள் அனுப்பாமல் நானே பஸ் ஏறி ஆபீஸுக்குப் போனேன். அந்த வயசான கிளார்க் ரிட்டையர் ஆகியிருந்தார். புது ஆள் நோட்டைப் புரட்டிப் பார்த்தான். வரிசை நகர்ந்து நகர்ந்து அவள் பெயர் முதலாவதாக வந்திருந்தது. ஒரே ஒரு இடம் காலியானால் போதும், மறுமாதமே அவளுக்குத்தான் என்றான். யாராவது சாகணுமா என்று கேட்டேன். சாகணும்னு இல்ல, பென்ஷன் வேண்டாம்னு யாராவது எழுதிக் கொடுத்தாலும் சரிதான், ஆனா அப்படி யாரு எழுதிக் குடுப்பா என்று சிரித்தான்.

வீட்டுக்கு வந்து காகிதம் எடுத்தேன். ஐயா, வணக்கம் என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரே ஒரு வரி எழுத வேண்டும். பேனாவைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். அம்மா விளக்கேற்ற வந்தபோது காகிதத்தை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். இளையரசனேந்தலில் அவள் அதற்கப்புறம் பதினோரு மாதம் கிடந்து செத்தாள். இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒரு மனுவை மட்டும் நான் எழுதவில்லை.